காத்து புகுந்த கார்

எங்கள் ஊரில் முதன்முதலாகக் கார் வாங்கியவர் என் அப்பா. முதன்முதலாகக் காருக்குப் பேய் ஓட்டியதும் எங்கள் வீட்டில்தான். முதல் விஷயத்தை அப்பா கடைசிவரை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. இரண்டாவதை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அதனால் அதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாமக்கல்லுக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் எங்கள் ஊர். மேட்டூர் அணை கட்டி முடித்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. கடலைக்காயும் ஆமணக்கும் விளைகிற மேட்டுக்காடுதான் எங்களுக்கு. எங்களைப் போன்றவர்கள் வீட்டில் நல்ல மாடு பூட்டிய வண்டி நின்றாலே ஊர் மெச்சும். அப்படியிருக்க, ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்ற கறுப்புக் காரை அப்பா வாங்கிக்கொண்டு வந்து எங்கள் மாட்டுச் சாளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடத்தில் எந்தப் பேச்சை எடுத்தாலும் அது காரில்தான் வந்து முடியும். கணக்கு வாத்தியார் வாய்ப்பாடு கேட்டால்கூட, எங்கள் காருக்கு நாலு சக்கரம், பின்னால் மாட்டியிருப்பதையும் சேர்த்தால் ஐந்து என்று ஆரம்பிப்பேன். சாயங்காலம் ஆனால் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். கார் எங்கேயும் போகாது. இருந்தாலும் சோறு உண்ணக் கூப்பிடும்வரை இறங்கமாட்டேன்.

வாங்கிய மூன்றாம் மாதம் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. பின்சக்கரம் ஒன்றின் உள்பக்கம் எண்ணெய் கசிந்தது. அப்பா மெதுவாக ஓட்டிக்கொண்டு சேலத்துக்குப் போய் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார். சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் வாசர் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் சொன்னார். மாற்றுவது எப்படி என்று அப்பா கேட்டிருக்கிறார். கேட்டதுதான் தப்பு.

"இது ஆயில் பிரேக்குங்க. கம்பி இழுத்துக் கட்டற பழைய பிரேக் இல்லீங்க. மம்முட்டி புடிக்கறவங்க கை வெக்கற சமாச்சாரம் இல்லீங்க இது" என்றாராம் அவர்.

வார்த்தைக்கு வார்த்தை மரியாதை போட்டுத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் அப்பாவின் காதில் மண்வெட்டி மட்டும்தான் விழுந்தது. நாலு சக்கரத்துக்கும் ரப்பர் வாசரும் ஒரு டின் பிரேக் எண்ணெயும் வாங்கிக்கொண்டு, வேலையை அங்கே கொடுக்காமல் திரும்பிவிட்டார்.

இரண்டு நாள் வேலை செய்தார். நாலு சக்கரத்தையும் கழற்றினார். கழற்றிய ஒவ்வொரு சாமானையும் சாக்கின் மேல் வரிசையாக வைத்து, எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்று கரித்துண்டால் கோடு போட்டுக்கொண்டார். ஒரு ஆணிகூட மிச்சமாகாமல் எல்லாம் திரும்ப உள்ளே போயிற்று. கசிவும் நின்றது. கடைசியாக எண்ணெய் ஊற்றி, சீட்டில் ஏறி உட்கார்ந்து, எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, பிரேக்கை மிதித்தார். பெடல் மெத்துமெத்தென்று கீழே போய்ப் பலகையைத் தொட்டது.

மறுபடி மிதித்தார். ஈர மண்ணை மிதிப்பது போல அது பாட்டுக்கு அமுங்கியது. நாலைந்து தரம் விடாமல் மிதித்தால் கொஞ்சம் இறுகும். காலை எடுத்துச் சற்று நேரம் விட்டு மிதித்தால் பழையபடி மெத்தை. அப்பா இறங்கி வந்து சாக்கை உதறிப் பார்த்தார். சாமான் எதுவும் மிச்சமில்லை என்பதை முதல் தடவையாக வருத்தத்தோடு பார்த்தார் என்று நினைக்கிறேன்.

வேறு சமயமாக இருந்தால் ஆற அமரப் பார்த்திருக்கலாம். ஆனால் ஐந்தாம் நாள் அத்தை மகளுக்குக் கல்யாணம். அத்தை அப்பாவுக்கு அக்கா. பெண்ணுக்குத் தாய்மாமன் அப்பா. தாலி கட்டி முடிந்ததும் பொண்ணையும் மாப்பிள்ளையையும் மாப்பிள்ளை ஊருக்குக் காரில் கொண்டுபோய் விடுவது தன் பொறுப்பு என்று நிச்சயத்தன்றே சபையில் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அதை அவர்கள் பக்கத்தில் இருபது ஊருக்குச் சொல்லிவிட்டார்கள். அந்த ஊருக்குப் போகிற வழியோ ஒரு கரட்டுக் குன்றின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கும் மண்ரோடு. இறக்கம் செங்குத்து. அது முடிந்து ரோடு திரும்புகிற இடத்தில் சுற்றுச்சுவர் இல்லாத ஒரு கிணறு. மாட்டு வண்டிக்காரர்களே அங்கே இறங்கி மாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார்கள்.

அப்பா மறுபடி சேலத்து மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். அதற்குப் பதில் கிணற்றிலேயே விழுந்திருப்பார். அம்மாவின் தம்பியைக் கூப்பிட்டார். மூன்றாம் பாரம் வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, படித்துவிட்டு, அந்தப் படிப்புக்கு ஏற்ற வேலைக்காக எங்கள் வீட்டில் காத்திருந்தவர் என் மாமா.

"மாப்ள, நீ போயிக் கேட்டுக்கிட்டு வா. நம்ம காருன்னு சொல்லாத. தெரிஞ்சவங்க காருன்னு சொல்லு. மெக்கானிக் ஒருத்தரு செஞ்சாருன்னு சொல்லு" என்றார்.

மாமா காலை பஸ்ஸில் போய்ப் பொழுதோடு திரும்பினார். மெக்கானிக் சொன்னதை அப்படியே ஒப்பித்தார்.

"காத்து பூந்துருக்குதாமுங்க மச்சான். காத்த எறக்கிப்போட்டாச் செரியாப் போயிருமாம்."

"எப்பிடி எறக்கறதுன்னு கேட்டயா?"

"கேட்டனுங்க. வேலை செஞ்ச மெக்கானிக்குக்குத் தெரியும், அவரையே கேளுங்கன்னுட்டாரு."

வேலை செய்த மெக்கானிக், அதாவது அப்பா, எழுந்து காரைப் பார்க்கப் போனார்.

காற்று என்றால் காரில் எங்கே இருக்கும்? டயரில் இருக்கும். பழைய காற்று கெட்டுப்போயிருக்கும் என்று மாமா சொன்னார். மறுநாள் காலையில் நாலு டயரிலும் காற்றை இறக்கினார்கள். கார் சோர்ந்து உட்கார்ந்தது. பிறகு கைப்பம்பை வைத்துப் புதுக்காற்று அடித்தார்கள். அப்பா அடித்தார், மாமா அடித்தார், பண்ணை ஆட்கள் இரண்டு பேர் அடித்தார்கள். உச்சிவெயில் வரைக்கும் அடித்தார்கள். மிதித்துப் பார்த்தால் பெடல் அதே மெத்தை.

அப்போதுதான் அத்தை வந்து சேர்ந்தாள். கல்யாண வேலையைப் போட்டுவிட்டு, தம்பியின் காருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டு வந்திருந்தாள். மெக்கானிக் என்ன சொன்னார் என்று கேட்டாள். மாமா சொன்னார். அத்தை கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"காத்து பூந்துருக்குதுன்னு அவ்வளவு வெளாவாரியாச் சொல்லியுடறான். நீங்க டயரப் புடுங்கிக்கிட்டு இருக்கறீங்களா?"

எங்கள் பக்கத்தில் காத்து என்றால் வீசுகிற காற்று மட்டும் இல்லை. புளியமரத்தடியில் உச்சிவேளையில் போன பெண்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அதுவும் காத்துதான். அதை இறக்குவதற்கென்று ஆள் உண்டு, நாள் உண்டு. அத்தை காரை ஒருமுறை சுற்றி வந்தாள். துரையின் கார். ஏற்காட்டு மலையிலிருந்து இறங்கி வந்தது. வழியில் எத்தனை சுடுகாடு, எத்தனை புளியமரம். அதில் அவள் பெண் கல்யாணக் கோலத்தில் ஏறி உட்காரப் போகிறாள். இதையெல்லாம் அவள் சொல்லச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எங்கள் ஊரில் மனுஷருக்குப் பேய் பிடித்திருக்கிறது, மாட்டுக்குப் பிடித்திருக்கிறது. காருக்குப் பிடித்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

கருப்பனார் கோயில் பூசாரி மறுநாள் காலையில் வந்தார். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன்பக்கம் வேப்பிலை செருகினார். உடுக்கை அடித்துக்கொண்டு மூன்று சுற்று வந்து, நீ யார், எங்கிருந்து வந்தாய் என்று அதட்டினார். கார் பேசவில்லை. துரை காரில் வந்த காத்துக்குத் தமிழ் எப்படித் தெரியும் என்று பூசாரிக்கே ஒரு சந்தேகம் வந்தது. மாமாவைக் கூப்பிட்டு, அதன் பாஷையில் போகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மாமா மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு காருக்கு முன்னால் நின்று, "கோ" என்றார். போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "கோ, சார்" என்று சேர்த்துக்கொண்டார். மூன்றாம் பாரம் படித்ததற்கு அன்றைக்குத்தான் ஒரு வேலை கிடைத்தது.

"இப்ப மெரிச்சுப் பாருங்க" என்றார் பூசாரி.

அப்பா ஏறி மிதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மிதிக்குப் பெடல் இறுகியது. அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூசாரி உடுக்கையைத் தோளில் மாட்டினார். அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்து, அவர் குடித்து முடிப்பதற்குள் அப்பா இன்னொரு தடவை மிதித்தார். பெடல் மெத்தென்று பலகைக்குப் போயிற்று.

"மறுக்கா வந்து ஏறிக்கிச்சுங்க" என்றார் பூசாரி. அவர் முகத்திலும் கவலைதான் தெரிந்தது.

அப்பா ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து, கையின் மேல் தலையை வைத்துக்கொண்டார். நான் பின் சீட்டில்தான் இருந்தேன். பேயோட்டும்போதுகூட நான் இறங்கவில்லை. பிரேக் சரியானதும் முதல் சவாரி எனக்குத்தான் என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். இறங்கினால் வேறு யாராவது இடத்தைப் பிடித்துவிடுவார்கள். அங்கிருந்து அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அவ்வளவு நேராக நடக்கிற மனிதரின் முதுகு அப்படி வளையும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மோர்ச் செம்பை வாங்க வந்த அம்மா அங்கேயே நின்றாள். கல்யாணப் பலகாரத்துக்காகக் காலையிலிருந்து டின்னிலிருந்து கடலெண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தவள் அவள். பெரிய டின்னைக் கவிழ்க்க முடியாது. ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டால், எண்ணெய் தானாகக் கீழே இருக்கும் குடத்தில் இறங்கும். அவள் கையெல்லாம் எண்ணெயாக இருந்தது.

"ஏனுங்க, அந்தப் பிரேக்குக் கொழாய்க்குள்ள என்னங்க ஓடுது?" என்றாள்.

"பிரேக் ஆயிலு" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

"ஆயிலுன்னா எண்ணதானுங்க?"

"எண்ணதான்."

"அப்பக் காத்து எண்ணக் கொழாயிலதானுங்க பூந்துருக்கும். டின்னுல நான் எண்ண உறியறப்ப, கொழா மூக்கு மேல வந்துட்டாக் காத்து வாங்கிக்குமில்லீங்க. நடுவுல காத்து நின்னுக்கிட்டா எண்ண நகராது. என்ன உறிஞ்சாலும் மெத்துமெத்துங்கும்."

அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லும் வார்த்தை அது. குழாய் காத்து வாங்கிவிட்டது என்பாள். அதைக் கேட்டுத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். சேலம் போய்க் கேட்டுவந்தபோது ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

"இவ எப்பக் காருக்குள்ள பூந்து பாத்தா?" என்றாள் அத்தை.

அப்பா இறங்கி, நேராகப் பின்சக்கரத்துக்குப் போய் மண்ணில் படுத்து உள்ளே பார்த்தார். அங்கே சின்னதாக ஒரு திருகாணி, நடுவில் துளையோடு. கழற்றிய அன்றைக்கே அது எதற்கு என்று யோசித்து, தெரியாமல் அப்படியே விட்டிருந்தார். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒன்று இருந்தது.

"உன்ற கொழாயக் கொண்டா, புள்ள" என்றார்.

அதன் பிறகு நடந்ததற்கு அம்மாதான் மேஸ்திரி. கடலெண்ணெய்க் குழாயைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தாள். ஒரு முனையைத் திருகாணியின் மூக்கில் மாட்டி, மறுமுனையை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விட்டாள். பாட்டிலின் அடியில் கொஞ்சம் பிரேக் எண்ணெய் ஊற்றி, குழாயின் நுனி அதில் மூழ்கியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும் என்றாள். மாமா பெடலில். அப்பா காருக்கு அடியில், கையில் ஸ்பேனரோடு. எந்தச் சக்கரத்தை முதலில் பார்ப்பது என்று கேள்வி வந்தபோது அப்பா யோசிக்கவே இல்லை. பிரேக் எண்ணெய் ஊற்றுகிற தொட்டியிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கும் சக்கரம்தான் முதலில் என்றார். கடைசிப் பாத்திக்கு முதலில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு வருவது போலத்தான் என்றார். மம்முட்டி பிடித்த கைக்கு அது தெரியாதா?

மாமா மிதிப்பார். அப்பா திருகாணியைத் தளர்த்துவார். பாட்டிலில் குபுகுபுவென்று குமிழி வரும். "மூடுங்க" என்பாள் அம்மா. அப்பா இறுக்குவார். அதற்குப் பிறகுதான் மாமா காலை எடுக்க வேண்டும். முதல் இரண்டு தடவை மாமா முன்னாலேயே எடுத்துவிட்டார்.

"தம்பி, நாஞ் சொல்லறதுக்கு முன்னால கால எடுத்தயின்னா ராத்திரிக்கு உனக்குச் சோறு கெடயாது" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு மாமாவின் கால் பிசகவில்லை.

நடுவில் ஒருமுறை தொட்டியில் எண்ணெய் தீர்ந்துபோய், மறுபடி காத்து வாங்கி, முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். டின்னில் எண்ணெய் குறையக் குறைய, பாட்டிலுக்கு வந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றினார்கள். இதைப் படிக்கிறவர்களில் மெக்கானிக் யாராவது இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். பூசாரியும் போகாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு குமிழி வரும்போதும் அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்ததை நான் பார்த்தேன்.

பொழுது சாய்வதற்குள் நாலு சக்கரத்திலும் குமிழி நின்று, சுத்தமான எண்ணெய் மட்டும் வந்தது. அப்பா ஏறி மிதித்தார். பெடல் பாதியிலேயே நின்றது. கல்லை மிதித்தது போல நின்றது. காலை எடுத்துவிட்டு, வெற்றிலை போட்டு, மென்று முடித்துவிட்டு மறுபடி மிதித்தார். அதே இடத்தில் நின்றது. அப்பா இறங்கி வந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா பாட்டிலைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு அவர்கள் இருவரையும் பார்க்கப் பார்க்க, கார் வந்த நாளில்கூட வராத பெருமை வந்தது.

மறுநாள் காலையில் கரட்டு இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். சமதரையில் பிரேக் நன்றாகவே பிடித்தது. அப்பா, அம்மா, மாமா, அம்மா மடியில் என் இரண்டு வயதுத் தம்பி, பின் சீட்டில் என் இடத்தில் நான். மேட்டின் உச்சியில் அப்பா காரை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னார். நான் அழுது பார்த்தேன். கேட்கவில்லை. பிறகு காதிலிருந்து கடுக்கன் இரண்டையும் கழற்றி அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, "வெச்சுக்க" என்றார். வியர்வைக்குக் கழற்றுகிறார் என்று நினைத்தேன்.

அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, கடுக்கனை என் பாவாடை நுனியில் வைத்து இறுக முடிந்தாள். தம்பியை மாமாவின் இடுப்பில் கொடுத்தாள். சுற்றிப் போய், முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எறங்கு, புள்ள" என்றார் அப்பா.

"காத்து இல்லீன்னு சொன்னது நானுங்க. வண்டிய எடுங்க."

கார் இறங்கியது. புழுதி எழுந்து மூடிக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் என்ஜின் சத்தம் நிதானமாவது கேட்டது. நின்றது. மறுபடி கிளம்பியது. மறுபடி நின்றது. கடைசியில் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் கிணற்றுப் பக்கமிருந்து ஹாரன் சத்தம் வந்தது. மாமா மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

கல்யாணத்தன்று பொண்ணும் மாப்பிள்ளையும் பின் சீட்டில் உட்கார, அப்பா அதே இறக்கத்தில் மாட்டு வண்டியைவிட மெதுவாகக் காரை இறக்கினார். கிணற்றங்கரையில் மாப்பிள்ளை ஊரே நின்றிருந்தது. காத்தை இறக்கியது பூசாரிதான் என்று அத்தை கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். பூசாரிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் அப்பா சேலத்துக்குப் போய் அந்த மெக்கானிக் கடை வாசலிலேயே காரை நிறுத்தி, நாலு வாசரும் மாற்றிக் காத்தும் இறக்கியாச்சு என்று சொல்லியிருக்கிறார். மெக்கானிக் மிதித்துப் பார்த்துவிட்டு, யாருங்க செஞ்சது என்று கேட்டாராம். "எங்க ஊட்டுலீங்க" என்று அம்மாவைச் சொன்னாராம் அப்பா. இதை மட்டும் அவர் எல்லோரிடமும் சொல்வார்.

எனக்கோ ஒரே ஒரு குறைதான். எனக்கென்று வாக்குக் கொடுத்த முதல் சவாரியை அம்மா பறித்துக்கொண்டாள். இந்தக் கதையை நான் எத்தனையோ வருஷம் அப்படித்தான் சொல்லி முடிப்பேன். அம்மாவும் மறுத்ததில்லை. "ஆமா சாமி, எனக்கும் ஆசையா இருந்துச்சு" என்று சிரிப்பாள். அப்பா போன பிறகு ஒருநாள் பெட்டியிலிருந்து அந்தக் கடுக்கனை எடுத்து என் கையில் கொடுத்தாள். அன்னைக்கு உன்ற பாவாடையில முடிஞ்சதுதான் என்றாள். அப்போது எனக்கே மூன்று குழந்தைகள் இருந்தார்கள். கடுக்கனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், அன்றைக்கு மேட்டின் மேல் யார் யாரை, எதை எதை விட்டுவிட்டு அவர்கள் இருவரும் அந்தக் கிணற்றை நோக்கி இறங்கிப் போனார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அன்றைக்கு அந்தப் புழுதிக்குள் கார் மறைந்திருந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பாவாடை முடிச்சை அவிழ்த்து, கடுக்கன் இரண்டையும் என் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எனக்கு நன்றாயிருக்கிறதா என்று மாமாவைக் கேட்டேன். அவர் தம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை என்று அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது.